ஹோஷானா ரப்பா: கூடாரப் பண்டிகையின் கடைசி நாள், மாலை முதல் மாலை வரை

குருத்தோலை ஞாயிறன்று சிறுபிள்ளைகள் ஓலையை ஆட்டிக்கொண்டு ‘ஓசன்னா’ பாடியபடி தெருவில் போவதைப் பார்த்திருப்பீர்கள். கேட்பதற்கு வாழ்த்துப் போலத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சொல் பிறந்தபோது அது ஒரு கூப்பாடு. எபிரேயத்தில் ‘ஹோஷியா நா’ என்றால் ‘காப்பாற்றும், தயவுசெய்து’ என்று பொருள். 118-ஆம் சங்கீதத்தின் 25-ஆம் வசனத்தில் அது இருக்கிறது. யூதர்கள் இன்றும் அதைக் கூப்பாடாகவே சொல்கிறார்கள். வருடத்தில் ஒரு நாளுக்கு அந்தச் சொல்லையே பெயராகவும் வைத்திருக்கிறார்கள்: ஹோஷானா ரப்பா, அதாவது ‘பெரிய ஓசன்னா’. சுக்கோத் என்னும் கூடாரப் பண்டிகையின் ஏழாம் நாள், கடைசி நாள் அது.

வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இந்த நாள் விசித்திரமாகத் தெரியும். வெள்ளையுடை உடுத்த பெரியவர்கள் ஒரு மேடையை ஏழு முறை சுற்றுகிறார்கள். பிறகு ஒவ்வொருவரும் ஒரு கட்டு இலைக்கொப்பை எடுத்துத் தரையில் ஓங்கி அடிக்கிறார்கள். இலைகள் சிதறுகின்றன. எல்லாரும் வாழ்த்துச் சொல்லிக்கொண்டு சாப்பிடப் போகிறார்கள். ஏன், எதற்கு என்பதை முதலில் பார்த்துவிட்டு, அந்த நாளை மாலையிலிருந்து மாலைவரை படிப்படியாக நடந்து பார்ப்போம்.

எந்த நாள்?

யூத நாள்காட்டியில் திஷ்ரி மாதம் 15-ஆம் தேதி சுக்கோத் தொடங்குகிறது. 21-ஆம் தேதி ஹோஷானா ரப்பா. நம் கணக்கில் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ வரும். 2026-இல் அக்டோபர் 2, வெள்ளிக்கிழமை. யூத நாள் சூரியன் மறையும்போது பிறப்பதால் அக்டோபர் 1, வியாழன் மாலையே தொடங்கிவிடும்.

கடைசி நாள் எது என்பதில் ஒரு குழப்பம் உண்டு. ஏழாம் நாளை ஒட்டியே எட்டாம் நாளாக ஷெமினி அட்செரெட் வருகிறது. பலர் அதையும் சுக்கோத்தின் பகுதி என்றே நினைக்கிறார்கள். யூத ஞானிகளின் விவாதத் தொகுப்பான தால்முட் அதைத் தனிப் பண்டிகை என்கிறது: அன்று லுலாவ் என்னும் பேரீச்சங்குருத்து இல்லை, அராவா என்னும் நீரோர மரக்கொப்பு இல்லை, கூடாரத்தில் இருக்க வேண்டும் என்ற வேதக் கட்டளையும் இல்லை. ஆக, சுக்கோத் ஏழாம் நாளோடு முடிகிறது. யோவான் 7:37-இல் ‘பண்டிகையின் கடைசிநாளாகிய பிரதான நாளிலே’ இயேசு எழுந்து நின்று தாகமுள்ளவன் என்னிடம் வரட்டும் என்று கூப்பிடுகிறாரே, அது இந்தப் பண்டிகைதான். ஏழாம் நாளா எட்டாம் நாளா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ஆனால் ஏன் தண்ணீரைப் பற்றிப் பேசினார் என்பது அடுத்த பகுதியைப் படித்தால் புரிந்துவிடும்.

தண்ணீரும் தீர்ப்பும்

இஸ்ரயேலில் வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை மழை என்று சொல்லும்படி எதுவும் இருக்காது. சுக்கோத் வரும்போது கிணறும் தொட்டியும் அடிமட்டத்தில் கிடக்கும். அடுத்த மழைக்காலம் எப்படி இருக்கும் என்பதுதான் அப்போது எல்லார் மனத்திலும் உள்ள கேள்வி. உலகம் வருடத்துக்கு நான்கு முறை தீர்ப்புக்கு நிற்கிறது என்கிறது தால்முட்டுக்கு அடிப்படையான சட்டத்தொகுப்பு மிஷ்னா: பஸ்காவில் தானியத்துக்கு, பெந்தெகொஸ்தேயில் மரங்களின் கனிக்கு, புத்தாண்டில் மனிதருக்கு, சுக்கோத்தில் தண்ணீருக்கு.

எருசலேம் ஆலயம் இருந்த காலத்தில் பண்டிகையின் ஒவ்வொரு நாளும் சீலோவாம் குளத்திலிருந்து பொற்குடுவையில் தண்ணீர் மொண்டு வந்து பலிபீடத்தில் வார்த்தார்கள். அதையொட்டி இரவில் விளக்கேற்றி ஆடிப்பாடிய கொண்டாட்டத்தைப் பார்க்காதவன் தன் வாழ்நாளில் மகிழ்ச்சியையே பார்த்ததில்லை என்று மிஷ்னா சொல்கிறது. ஒருமுறை குருவானவர் ஒருவர் தண்ணீரைப் பலிபீடத்தில் வார்க்காமல் தன் காலில் ஊற்றிவிட்டார். கூட்டம் கையிலிருந்த எத்ரோக் பழங்களாலேயே அவரை அடித்தது. தண்ணீர் விஷயத்தில் அவ்வளவு கோபம்.

இன்னொரு சரடு தீர்ப்பு. புத்தாண்டான ரோஷ் ஹஷானாவில் ஒவ்வொருவரின் வருடமும் எழுதப்படுகிறது, பத்தாம் நாளான யோம் கிப்பூரில் முத்திரை விழுகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்த நம்பிக்கை. கபாலா என்னும் யூத மறைஞான மரபு, குறிப்பாக அதன் சோஹர் நூல், அதோடு ஒன்றைச் சேர்க்கிறது: முத்திரை விழுந்த சீட்டு தூதர் கையில் போய்ச் சேர்வது ஹோஷானா ரப்பாவில்தான். நம் அலுவலகப் பாஷையில் சொன்னால் கையெழுத்து ஆகிவிட்டது, முத்திரையும் குத்தியாயிற்று, கோப்பு மட்டும் இன்னும் டெஸ்பாட்ச் ஆகவில்லை. அந்த இடைவெளியில் கடைசியாக ஒருமுறை மனுப் போடலாம். இந்த நாளின் வாழ்த்தும் இதிலிருந்து வந்ததுதான். அரமேயத்தில் ‘பித்கா தாவா’, கிழக்கு ஐரோப்பிய யூதரின் மொழியான இத்திஷில் ‘அ குத் க்வித்தல்’. இரண்டுக்கும் பொருள் ‘நல்ல சீட்டு’.

இந்தக் கடைசி மனு தன் வீட்டுக்காக மட்டும் போடுவதில்லை. எண்ணாகமம் 29-ஆம் அதிகாரத்தின்படி சுக்கோத்தின் முதல் நாள் 13 காளைகள் பலி. பிறகு நாளுக்கு ஒன்று குறைந்து ஏழாம் நாளில் 7. கூட்டிப் பார்த்தால் 70. உலகத்தின் எழுபது இனங்களுக்காக இந்த எழுபது என்று தால்முட் விளக்குகிறது. எட்டாம் நாளில் ஒரே ஒரு காளை.

மணமும் சுவையும் இல்லாத செடி

சுக்கோத்தில் நான்கு தாவரங்களைக் கையில் ஏந்த வேண்டும் என்பது லேவியராகமம் 23:40-இன் கட்டளை. எத்ரோக், நாரத்தை வகையைச் சேர்ந்த ஒரு மஞ்சள் பழம். லுலாவ், விரியாத பேரீச்சங்குருத்து. ஹதாஸ், வாசனையுள்ள மிர்ட்டில் கொப்பு மூன்று. அராவா, நீரோரம் வளரும் வில்லோ மரத்தின் கொப்பு இரண்டு. தமிழ் வேதாகமம் இந்தக் கடைசிச் செடியை ‘ஆற்றலரி’ என்று மொழிபெயர்த்திருக்கிறது. அழகான சொல், ஆனால் வீட்டு வாசலில் பூக்கிற அரளியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது வேறு, இது வேறு.

இந்த நான்கையும் பற்றி ஒரு பழைய மித்ராஷ், அதாவது ஞானிகளின் வேத விளக்கம், உண்டு. எத்ரோக்குக்குச் சுவையும் உண்டு, மணமும் உண்டு. அது வேதப் படிப்பும் நற்செயலும் உள்ள மனிதர். பேரீச்சுக்குச் சுவை உண்டு, மணம் இல்லை. படிப்பு உண்டு, செயல் இல்லை. மிர்ட்டிலுக்கு மணம் உண்டு, சுவை இல்லை. செயல் உண்டு, படிப்பு இல்லை. அராவாவுக்கு இரண்டும் இல்லை. இவர்களை என்ன செய்வது? அழிப்பது முடியாது, எல்லாரையும் ஒரே கட்டாகக் கட்டுங்கள், ஒருவருக்காக ஒருவர் ஈடு செய்யட்டும் என்கிறார் கடவுள்.

முதல் ஆறு நாளும் இந்த விளக்கம் சரியாகப் பொருந்துகிறது. ஒன்றுமில்லாதவன் நல்லவர்களோடு சேர்ந்து நிற்கிறான், தப்பித்துக்கொள்கிறான். ஏழாம் நாளில்தான் கதை திரும்புகிறது. அன்று சுற்றுகள் முடிந்ததும் எத்ரோக்கையும் லுலாவையும் கீழே வைத்துவிட்டு அராவாவை மட்டும் தனியே எடுக்கிறார்கள். பண்டிகையின் உச்சத்தில், சீட்டு வெளியே போகும் நேரத்தில், சபையின் கையில் இருப்பது படிப்பும் இல்லாத, செயலும் இல்லாத அந்தச் செடி மட்டும்தான்.

இன்னொரு மித்ராஷ் இதற்குத் துணை நிற்கிறது. லுலாவ் முதுகெலும்பு போல, எத்ரோக் இதயம் போல, மிர்ட்டில் இலை கண் போல, அராவா இலை உதடு போல. நீண்டு மெலிந்த அந்த இலையை இரண்டாகச் சேர்த்துப் பார்த்தால் உதடுதான் நினைவுக்கு வரும். காட்டுவதற்கு வேறொன்றும் இல்லாதவனிடம் கேட்பதற்கு வாய் இருக்கிறது. என் பார்வையில் இந்த நாளின் மற்ற வழக்கங்களெல்லாம் இதைச் சுற்றித்தான் நிற்கின்றன.

கல்லுக்கு அடியில் கிடந்த கொப்புகள்

ஆலயக் காலத்தில் என்ன நடந்தது என்று மிஷ்னா சொல்கிறது. எருசலேமுக்குக் கீழே மோட்ஸா என்று ஓர் இடம். அங்கே போய் நீண்ட அராவாக் கொப்புகளை வெட்டி வந்து, நுனி பலிபீடத்தின் மேல் கவிந்து நிற்கும்படி சுற்றிலும் சாத்தி வைப்பார்கள். அவை 11 முழ உயரம் என்கிறது தால்முட். எக்காளம் ஊதுவார்கள். தினம் ஒரு முறை பலிபீடத்தைச் சுற்றி ‘கர்த்தாவே, இரட்சியும்’ என்பார்கள். ஏழாம் நாளில் ஏழு முறை. முடிந்து விடைபெறும்போது ‘அழகு உனக்கே, பலிபீடமே’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அந்தக் கூப்பாட்டுக்கு ரபி யூதா இன்னொரு வடிவம் தருகிறார்: ‘அனி வஹோ, ஹோஷியா நா’. நேர்ப்பொருள் பார்த்தால் ‘நானும் அவரும், காப்பாற்றும்’. யார் அந்த அவர்? உரைகாரர்களில் ஒரு சாரார் கடவுளையே சொல்கிறார்கள். தன் மக்கள் துன்பப்படும்போது அவரும் கூடவே துன்பப்படுகிறார், ஆகவே மீட்பு இருவருக்கும் வேண்டும் என்ற எண்ணம். துணிச்சலான வேண்டுதல்தான்.

இந்த அராவா விழாவை ஏற்காதவர்களும் இருந்தார்கள். பொய்த்தூசியர் என்ற பிரிவினருக்கு வேதத்தில் நேராக எழுதப்படாத வழக்கங்கள் பிடிக்காது. ஒரு வருடம் ஏழாம் நாள் ஓய்வுநாளில் விழுந்தது. ஓய்வுநாளில் வெட்டக்கூடாது என்பதால் முந்தின நாளே கொப்புகளைக் கொண்டுவந்து ஆலய முற்றத்தில் வைத்திருந்தார்கள். இதைக் கண்ட பொய்த்தூசியர் அவற்றின் மேல் கற்களை ஏற்றிப் புதைத்துவிட்டார்கள். ஓய்வுநாளில் கல்லை நகர்த்த ஞானிகள் துணிய மாட்டார்கள் என்பது அவர்கள் கணக்கு. மறுநாள் காலை ‘அம் ஹாஆரெட்ஸ்’, அதாவது சட்டநுணுக்கம் அறியாத சாமானிய ஜனங்கள் வந்தார்கள். கல்லுக்கடியில் கொப்பு தெரிந்ததும் இழுத்து வெளியே எடுத்துவிட்டார்கள். குருக்கள் அவற்றை வாங்கிப் பலிபீடத்தின் பக்கங்களில் நிறுத்தினார்கள். தால்முட்டில் சுக்கா பகுதி 43-ஆம் ஏட்டில் இருக்கிறது இந்தச் சம்பவம். சுவையும் மணமும் இல்லாத செடியை மீட்டது, அந்தச் செடிக்கு உவமையாகச் சொல்லப்பட்ட அதே ஆட்கள்.

ஆலயம் கி.பி. 70-இல் அழிந்த பிறகும் அராவாவை விடவில்லை. ஓய்வுநாளில் அதை அடிக்க முடியாது என்பதால், நாள்காட்டியையே அதற்கேற்ப வளைத்துவிட்டார்கள். புத்தாண்டு ஒருபோதும் ஞாயிற்றுக்கிழமையில் வராது. வந்தால் 21-ஆம் தேதி சனிக்கிழமையாகிவிடும். ஆகவே ஹோஷானா ரப்பா ஞாயிறு, திங்கள், புதன், வெள்ளி ஆகிய நான்கு கிழமைகளில் மட்டுமே வரும். நாள் கணிப்பவர்களுக்கு ரபி சீமோன் சொன்ன கட்டளை எருசலேம் தால்முட்டில் பதிவாகியிருக்கிறது: எக்காள நாளான புத்தாண்டும் ஓய்வுநாளில் விழ விடாதீர்கள், அராவா நாளும் விழ விடாதீர்கள், வேறு வழியே இல்லையென்றால் எக்காளத்தை விட்டுக்கொடுங்கள், அராவாவை விடாதீர்கள்.

ஆலயம் இல்லாத காலத்தில் 10, 11-ஆம் நூற்றாண்டு யாத்திரிகர்கள் இந்த நாளில் ஒலிவமலையில் கூடிப் பாடிக்கொண்டு மலையைச் சுற்றினார்கள். அடுத்த ஆண்டின் பண்டிகைத் தேதிகளும் அங்கேதான் அறிவிக்கப்பட்டன. இன்று சுற்றுவது ஜெபஆலயத்தின் நடுவில் இருக்கும் பீமா என்னும் மேடையை.

முன்னேற்பாடு: கொப்பு வாங்குதல்

இனி நடைமுறை. முதல் வேலை நல்ல அராவா கண்டுபிடிப்பது. தால்முட் மூன்று அடையாளம் தருகிறது: தண்டு சிவந்திருக்க வேண்டும், இலை நீண்டிருக்க வேண்டும், இலையின் ஓரம் வழுவழுப்பாக இருக்க வேண்டும். தண்டு வெளுத்து, இலை உருண்டு, ஓரம் அரிவாள் பல் போல இருந்தால் அது ‘சஃப்சஃபா’, செல்லாது. பச்சைத் தண்டாக இருந்தால் தள்ளிவிடாதீர்கள், வெயிலில் சிவக்கக்கூடியது அது.

எத்தனை கொப்பு? சட்டப்படி ஒரே தண்டில் ஒரே இலை இருந்தாலும் போதும் என்கிறது ஷுல்கான் அரூக் சட்டநூல். ஆனால் அது பார்க்க அசிங்கம் என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டில் சஃபேத் ஊரில் வாழ்ந்த கபாலா ஆசான் ஈசாக் லூரியாவைப் பின்பற்றி இன்று பெரும்பாலோர் ஐந்து கொப்புகளை ஒரு கட்டாகக் கட்டுகிறார்கள். இது லுலாவோடு சேர்ந்திருக்கும் இரண்டு அராவாவுக்குப் புறம்பானது. ஆளுக்கொரு தனிக்கட்டு வேண்டும். பிள்ளைகளுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள், இந்த நாளில் அவர்களுக்குத்தான் கொண்டாட்டம்.

அராவா சீக்கிரம் வாடும். இரண்டு நாளில் இலை கறுக்கத் தொடங்கிவிடும். கூடியவரை முந்தின நாளே வாங்குங்கள். ஈரத்துணியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். தண்ணீரில் முக்கி வைத்தால் அழுகிவிடும், ஈரம் மட்டும் போதும். தண்ணீர் இல்லாமல் இவ்வளவு விரைவில் சாகிற செடியை மழைக்கான வேண்டுதலில் ஏந்துவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மாலையும் இரவும்

சூரியன் மறைந்ததும் கூடாரத்தில் சாப்பாடு. ஒவ்வோர் இரவும் முற்பிதாக்களில் ஒருவரை விருந்தினராக அழைப்பது உஷ்பிசீன் என்னும் வழக்கம். ஏழாம் இரவின் விருந்தினர் தாவீது ராஜா.

பிறகு விழிப்பு. பலர் இரவு முழுக்கத் தூங்குவதில்லை. ஜெபஆலயத்திலோ கூடாரத்திலோ உட்கார்ந்து முதலில் உபாகமம் முழுவதையும் படிக்கிறார்கள். நள்ளிரவு தாண்டியதும் சங்கீதப் புத்தகம் முழுவதும். இரண்டு நாளில் மோசேயின் ஐந்து நூல்களான தோராவின் வாசிப்பு வட்டம் முடியப் போகிறது, அதன் கடைசிப் புத்தகம் உபாகமம். சங்கீதம் தாவீதுடையது, இரவும் அவருடையது. சங்கீதம் முடிந்ததும் ஆப்பிளைத் தேனில் தோய்த்துக் கொடுக்கிற சபைகளும் உண்டு. முழு இரவும் முடியாதவர்கள் கொஞ்சமாவது படித்துவிட்டுப் படுக்கிறார்கள். யாரும் கணக்குக் கேட்பதில்லை.

இந்த இரவைப் பற்றி ஒரு பயமுறுத்தும் நாட்டார் நம்பிக்கை இருந்தது. நிலா வெளிச்சத்தில் தன் நிழலைப் பார்க்க வேண்டும். தலை நிழல் தெரியாவிட்டால் அந்த வருடம் தாண்டாது. எண்ணாகமம் 14:9-இல் கானானியரின் ‘நிழல் அவர்களை விட்டு விலகிப்போயிற்று’ என்று வருவதிலிருந்து கிளைத்த நம்பிக்கை. கிராக்கோவ் நகரத்துச் சட்ட அறிஞர் மோசே இஸ்ஸெர்லெஸ் 16-ஆம் நூற்றாண்டிலேயே இதைக் குறிப்பிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தன் யோகத்தைத் தானே கெடுத்துக்கொள்ளக் கூடாது, பலருக்கு இதைப் பார்க்கவும் தெரியாது, நாளை நடப்பதைத் துருவாமல் கபடமின்றி இருப்பதே நல்லது என்பது அவர் வாதம். நீங்களும் விட்டுவிடுங்கள்.

காலை: வெள்ளையும் விளக்கும்

விடியற்காலையில் மிக்வே என்னும் குளத்தில் முழுகி எழுகிறவர்கள் உண்டு. ஜெபஆலயத்தில் வழக்கத்தைவிட அதிகமாக மெழுகுவர்த்திகள் எரியும். அஷ்கெனாசி என்னும் மத்திய, கிழக்கு ஐரோப்பிய மரபுச் சபைகளில் வழிபாடு நடத்துபவர் கித்தெல் என்ற வெள்ளை அங்கி உடுத்தியிருப்பார். யோம் கிப்பூரில் உடுத்திய அதே அங்கி. ராகமும் அந்த நாட்களின் ராகமாகவே ஒலிக்கும். யோம் கிப்பூர் திரும்பி வந்துவிட்டதோ என்று தோன்றும், ஆனால் யாரும் பட்டினி இல்லை.

லுலாவில் ஒரு சின்ன மாற்றம்: அதைக் கட்டியிருக்கும் வளையங்களை இன்று அவிழ்த்துவிடுவார்கள். ஓலை தளர்ந்து நின்றால் அசைக்கும்போது சலசலப்பு அதிகம். ஹல்லேல் என்னும் துதிச் சங்கீதங்களைப் பாடும்போது நான்கு தாவரங்களையும் நான்கு திசையிலும் மேலும் கீழும் அசைக்கிறார்கள். ஆசீர்வாதம் சொல்வதும் இந்தக் கட்டுக்குத்தான், இந்த வருடத்துக்குக் கடைசி முறையாக.

ஏழு சுற்றுகள்

பேழையைத் திறந்து தோராச் சுருள்களை எடுக்கிறார்கள். மற்ற நாளில் ஒரு சுருள். இன்று பல சபைகளில் உள்ள சுருள் அத்தனையும் மேடைக்கு வரும். கையில் நான்கு தாவரங்களோடு சபை மேடையைச் சுற்றத் தொடங்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பாடல், ஒவ்வொரு அடிக்கும் ‘ஹோஷானா’. எரிகோ மதிலை ஏழாம் நாளில் ஏழு முறை சுற்றியதன் நினைவு இது என்கிறது எருசலேம் தால்முட். ஸ்பெயின் வழிவந்த செபார்தி சபைகளில் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு, மோசே, ஆரோன், யோசேப்பு, தாவீது என்று சுற்றுக்கு ஒருவரை நினைப்பதும், சில இடங்களில் சுற்றுகளுக்கிடையே எக்காளம் ஊதுவதும் உண்டு.

லுலாவ் இல்லாதவர் சுற்றத் தேவையில்லை, நின்ற இடத்திலிருந்தே பாடலாம். கூட்டம் நெருக்கும், ஓலை கண்ணில் குத்தும், முன்னால் போகிறவர் திடீரென்று நின்றுவிடுவார். கோவில் பிரகாரத்தில் திருவிழா நாளில் சுற்றியவருக்கு இது பழகின நெருக்கம்தான்.

சுற்றுகளுக்குப் பின் வரும் பாடல்களில் தண்ணீரும் மண்ணும் பயிரும் திரும்பத் திரும்ப வரும். கடைசியில் சபை முழுவதும் ‘கோல் மெவாசேர், மெவாசேர் வெஓமேர்’ என்று முழங்கும்: ‘நற்செய்தி கூறும் குரலொன்று, கூறிக்கொண்டே வருகிறது’. மீட்பின் செய்தியைக் கேட்டுவிட்ட மாதிரியான குரல் அது.

அராவாவை அடித்தல்

இப்போது லுலாவையும் எத்ரோக்கையும் வைத்துவிட்டு ஐந்து கொப்புக் கட்டை எடுங்கள். ஆசீர்வாதம் சொல்லக் கூடாது. யூத வழக்கத்தில் ஒரு பழத்தைக் கடிப்பதற்கும் ஆசீர்வாதம் உண்டு, இங்கே இல்லை. அராவா அடிப்பது வேதக் கட்டளை அல்ல, ‘தீர்க்கதரிசிகளின் வழக்கம்’ என்பது முடிவாகக் கொள்ளப்பட்டதால் இப்படி. ரபி எலயாசார் பார் சாதோக்கிடம் ஒருவர் அராவா கொண்டுவந்தபோது, அவர் வாங்கி அடித்தார், அடித்தார், ஆசீர்வாதம் மட்டும் சொல்லவில்லை என்று தால்முட் பதிவு செய்கிறது. கட்டளை என்ற தாங்கலும் இல்லாமல்தான் இந்தச் செடி நிற்கிறது.

அடிப்பதா, ஆட்டுவதா என்பதிலும் பழைய கருத்து வேறுபாடு உண்டு. தால்முட்டின் சொல்லை உரையாசிரியர் ராஷி ‘ஆட்டுவது’ என்று கொண்டார். சட்ட அறிஞர் மைமோனிடிஸ் தரையிலோ ஒரு பாத்திரத்தின் மேலோ இரண்டு மூன்று முறை அடிப்பது என்றார். இஸ்ஸெர்லெஸ் இரண்டையும் செய்யச் சொல்லிவிட்டார். ஆகவே முதலில் சற்று அசைத்து, பிறகு தரையில் அடியுங்கள். லூரியா வழிக்காரர்கள் ஐந்து முறை அடிக்கிறார்கள், முடிந்தால் மண்தரையில். ஐந்து வகைக் கடுந்தீர்ப்புகளை இனிதாக்குவதற்கு என்பது அவர்கள் விளக்கம். பாவங்கள் இலைபோல் உதிர்கின்றன என்பது பொதுஜன விளக்கம். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அடிக்கும்போது எழும் ஓசை பெருமழை ஓட்டின் மேல் விழுவதைப் போல இருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

ஓர் எச்சரிக்கை. எல்லா இலையும் உதிரும்வரை அடிக்க வேண்டும் என்று கட்டாயம் ஏதும் இல்லை. சில பையன்கள் கொப்பு மொட்டையாகும்வரை விடமாட்டார்கள். மேலே சொன்ன எண்ணிக்கை போதும். அடித்த கொப்பைக் காலில் மிதிபட விடாமல் எடுத்து வையுங்கள்.

சாப்பாடு, எத்ரோக், கடைசி அமர்வு

வீட்டில் அரைப் பண்டிகைச் சாப்பாடு காத்திருக்கும். ஹல்லா ரொட்டியைத் தேனில் தொடுவதைப் புத்தாண்டிலிருந்து இன்றுவரை தொடர்கிறவர்கள் பலர். கிழக்கு ஐரோப்பிய வீடுகளில் ரொட்டியின் மேல் மாவினாலேயே ஏணி உருவமோ கை உருவமோ வைப்பார்கள். கை, நல்ல சீட்டை வாங்கிக்கொள்ள நீட்டிய கை.

அஷ்கெனாசி வீடுகளில் க்ரெப்லாக் வேண்டும்: கொத்துக்கறியை மாவில் பொதிந்து சூப்பில் போட்டது. வருடத்தில் மூன்று நாட்களுக்கு அது வழக்கம். யோம் கிப்பூருக்கு முந்தின நாள், ஹோஷானா ரப்பா, பூரிம். ஏன் இந்த மூன்று? மூன்றிலும் அடி விழுகிறது: முதலாவதில் மனந்திரும்புகிறவருக்குச் சாட்டை, இரண்டாவதில் அராவா, மூன்றாவதில் எஸ்தர் கதையின் எதிரி ஆமான் பெயரைக் கேட்டதும் தட்டும் சத்தம். கறியையும் அடித்துக் கொத்தித்தானே பூரணம் செய்கிறோம் என்பார்கள். ஜெர்மானிய யூதர்களின் நகைச்சுவை இன்னும் மேல். ‘கோல் மெவாசேர்’ பாட்டைக் கேட்டால் ‘கோல் மித் வாசர்’, அதாவது ‘தண்ணீரில் முட்டைக்கோஸ்’ என்று அவர்கள் காதில் விழுமாம். அதனால் அன்று முட்டைக்கோஸ் சமையல்.

எத்ரோக்கின் வேலை முடிந்தது. ஏழாம் நாள் ஆனதும் பிள்ளைகள் லுலாவை உதறிவிட்டுத் தங்கள் எத்ரோக்கைத் தின்றார்கள் என்று மிஷ்னாவே சொல்கிறது. இப்போது பெரும்பாலும் சர்க்கரைப்பாகில் ஜாம் ஆகிறது. சுகப்பிரசவத்துக்காகக் கர்ப்பிணிகள் அதன் நுனிக்காம்பைக் கடிப்பதும் ஒரு பழைய பெண்கள் வழக்கம்.

இஸ்ரயேலில் இருப்பவர்கள் பிற்பகலில் கடைசி முறையாகக் கூடாரத்தில் உட்கார்ந்து, லிவியாதான் என்னும் பெரும் கடல்மிருகத்தின் தோலால் ஆன கூடாரத்தில் அடுத்த ஆண்டு அமரும் பேறு வேண்டும் என்று சொல்லி விடைபெறுகிறார்கள். வெளிநாட்டில் இந்த விடைபெறல் மறுநாளுக்குத் தள்ளிப்போகும். சூரியன் மறைந்ததும் ஷெமினி அட்செரெட். அதன் காலை வழிபாட்டில் மழைக்கான ஜெபம். கித்தெல் மறுபடியும் வெளியே வரும்.

விருந்தினராக அழைக்கப்பட்டால்: ஆண்கள் தலையை மூடிக்கொள்ளுங்கள். பகலில் வண்டி ஓட்டுவதோ போன் எடுப்பதோ பெரிய தடையில்லை, இது பண்டிகையின் இடைநாள்தான். ஆனால் வழிபாட்டின் நடுவே படம் எடுக்க முந்தாதீர்கள், கேட்டுக்கொள்ளுங்கள். மாலை நெருங்கினால் கிளம்பிவிடுவது நல்லது, வீட்டாருக்கு அடுத்த பண்டிகைக்கான விளக்கேற்றும் அவசரம் இருக்கும்.

போகும்போது அலமாரியின் மேல் ஒரு பார்வை பாருங்கள். அடித்து முடித்த அராவாக் கொப்புகள் அங்கே காயக் கிடக்கும், குப்பை என்று நினைத்து எடுத்துப் போட்டுவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்துப் பஸ்காவுக்கு முந்தின நாள் காலை, வீட்டில் மிஞ்சிய புளித்த மாவுப் பண்டங்களைத் தெருமுனையில் எரிப்பார்கள். தீ மூட்டுவதற்கு இந்தச் சுள்ளிகள்தான் வரும்.